பிளாக்கில் புடைத்த எண் சொல்வதும் சொல்லாததும்

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இன்று கண்ணில் படுவது அடுக்குமாடிகளும் ஐ.டி. கட்டடங்களும்தான். ஒரு காலத்தில் அங்கேதான் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கார் செய்தது. 1948இல் தொடங்கிய நிறுவனம் அது. முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென், 1961இல் ஹெரால்டு, 1972இல் கெஸல், கடைசியாக 1985இல் ஸ்டாண்டர்டு 2000. எண்பதுகள் முடிவதற்குள் கார் வருவது நின்றுவிட்டது. ஆனால் ஹெரால்டும் கெஸலும் இன்னும் ஓடுகின்றன, கைமாறுகின்றன. வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, “எஞ்சின் ஒரிஜினலா?” விற்கிறவர் ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்து எஞ்சின் எண்ணைக் காட்டுவார். பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணோடு அது பொருந்தினால் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். அங்கே முடிக்கக் கூடாது. அதே பிளாக்கில், எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில், இன்னொரு எண் இருக்கிறது. அதையும் படித்தால்தான் அந்தக் கேள்விக்குப் பாதிக்கு மேல் பதில் கிடைக்கும்.

பிளாக்கில் உள்ள எண்கள் இரண்டு வகை. இரும்புக்குள் குழிந்திருப்பது, வேலை முடிந்த எஞ்சினில் எண் பஞ்ச் வைத்து அடித்தது. அது அந்த ஒரு எஞ்சினுக்கே உரிய எண், ஆர்.சி.யில் ஏறுவதும் அதுதான். இரும்போடு இரும்பாகப் புடைத்து நிற்பது வார்ப்பு எண். அது ஃபவுண்டரியிலேயே பிறந்தது. பிளாக்கின் வடிவத்தில் ஒரு பேட்டர்ன் செய்து, அதைச் சுற்றி மண்ணை இடித்து இறுக்கி, பேட்டர்னை உருவிவிட்டு, அந்த வெற்றிடத்தில் 1,400 டிகிரியை ஒட்டிய சூட்டில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். பேட்டர்னில் புடைத்திருக்கும் எண் மண்ணில் பள்ளமாகப் பதியும், இரும்பில் மறுபடி புடைத்து வரும். ஏன் புடைப்பாக வைக்கிறார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. இரும்பில் குழிந்து வர வேண்டுமானால் மண்ணில் அந்த எழுத்து மெல்லிய வரப்பாக நிற்க வேண்டும். பாய்ந்து வரும் உருகிய இரும்பில் அந்த வரப்பு கரைந்து போகும். பள்ளமோ அப்படியே நிற்கும். அதனால் ஒயர் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் கொண்டு துடைத்து, மேலே சாக்பீஸைத் தேய்த்தால் போதும். அரை நூற்றாண்டுக்கு முந்தைய எண்ணும் வெள்ளையாக எழுந்து வரும். 3, 8 இரண்டையும், 6, 0 இரண்டையும் மட்டும் விரலால் தடவி உறுதி செய்துகொள்ள வேண்டும். மண் சற்றுச் சரிந்திருந்தால் ஒன்று இன்னொன்று போலத் தெரியும்.

வார்ப்பு எண் அந்த வடிவத்தின் எண் என்பதால் ஆயிரக்கணக்கான பிளாக்குகளில் ஒரே எண்தான் இருக்கும். அதோடு பல ஃபவுண்டரிகள் தேதியையும் வார்ப்பிலேயே வைத்துவிடும். பேட்டர்னில் திருகிய சிறு தகட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அமெரிக்காவின் செவர்லே எட்டு சிலிண்டர் பிளாக்குகளில் ஜனவரிக்கு ‘ஏ’, பிப்ரவரிக்கு ‘பி’ என மாதத்துக்கு ஓர் எழுத்தும், பிறகு நாளும், ஆண்டின் கடைசி இலக்கமும் இருக்கும். 9 என்றால் 1969ஆகவும் இருக்கலாம், 1979ஆகவும் இருக்கலாம். எது என்று முடிவு செய்ய வார்ப்பு எண் வேண்டும். அதே செவர்லேயில் 3970010 என்ற எண்ணுள்ள பிளாக், 302 கன அங்குல எஞ்சினாகவும் வந்தது, 350 கன அங்குல எஞ்சினாகவும் வந்தது. இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் நான்கு அங்குலமே. மாறியது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மட்டும். பின்னாளில் மறைமலை நகரில் கார் செய்த ஃபோர்டின் வழக்கம் வேறு. அதன் பழைய அமெரிக்க பிளாக்குகளில் எண்ணின் நடுவே 6015 என்று இருந்தால் சிலிண்டர் பிளாக் என்று பொருள். எண்ணின் முதல் எழுத்து பத்தாண்டைச் சொல்லும், அடுத்த இலக்கம் ஆண்டைச் சொல்லும். ஆனால் அது வடிவமைத்த ஆண்டு; வார்த்த ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே ஒரு நிறுவனத்தின் அட்டவணையை வைத்துக்கொண்டு இன்னொரு நிறுவனத்தின் பிளாக்கைப் படிக்க முடியாது.

வார்ப்பு எண்ணின் எல்லையைக் காட்ட வண்டலூரின் சொந்த எஞ்சினைவிட நல்ல சாட்சி இல்லை. ஸ்டாண்டர்டு 2000இன் உடல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. உள்ளே இருந்ததோ 1,991 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சின். 1940களில் ஸ்டாண்டர்டு வேன்கார்டுக்கு வந்த குடும்பத்தைச் சேர்ந்தது. ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டரிலும், 1953இன் டிரையம்ஃப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது இந்தக் குடும்பம்தான். இதன் விசேஷம் ஈர லைனர். பிளாக்கில் சிலிண்டரே கிடையாது. தண்ணீர் சுற்றிவரும் வெறும் கூடு மட்டும் உண்டு. நான்கு லைனர்களைத் தனித்தனியே மேலிருந்து இறக்குவார்கள். அடியில் ‘8’ வடிவ கேஸ்கட் தண்ணீரைத் தடுக்கும். மேலே லைனரின் விளிம்பு பிளாக்கின் முகத்தைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு உயர்ந்து நிற்க வேண்டும்; அப்போதுதான் ஹெட் கேஸ்கட் இறுகிப் பிடிக்கும். பிஸ்டன் ஓட்டம் எப்போதும் 92 மி.மீ. லைனரின் உள்விட்டம் 80 மி.மீ. என்றால் தொடக்ககால டிராக்டரின் 1,850 சி.சி., 83 என்றால் டி.ஆர்.2இன் 1,991, 85 என்றால் வேன்கார்டின் 2,088. டிராக்டரும் ஸ்போர்ட்ஸ் காரும் சொகுசுக் காரும் ஒரே குடும்பம். லைனரை உருவி மாற்றினால் சி.சி. மாறிவிடும், வெளியே உள்ள எண்ணில் ஒரு புள்ளிகூட மாறாது.

அப்படியானால் இந்த எண்ணால் என்ன பயன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, டென், ஹெரால்டு, கெஸல் மூன்றிலும் 948 சி.சி. எஞ்சின்தான் என்பதை நினைத்தால் இன்னும் நியாயமானது. செங்கல்லில் உள்ள சூளையின் முத்திரை, கல் எந்தச் சூளையில் வெந்தது என்று சொல்லும். எந்த வீட்டுச் சுவரில் இருந்தது என்று சொல்லாது. வார்ப்பு எண்ணும் அப்படித்தான். ஆனால் அதன் வலிமை ‘ஆம்’ என்பதில் இல்லை, ‘இல்லை’ என்பதில் இருக்கிறது. இங்கிலாந்தில் இந்த 948 சி.சி. எஞ்சினின் குடும்பம் 1953இல் 803 சி.சி.யில் தொடங்கி 948, 1,147, 1,296, 1,493 என வளர்ந்தது. இங்கே ஹெரால்டு கடைசிவரை 948இலேயே நின்றது. எனவே வண்டலூர் ஹெரால்டு என்று சொல்லப்படும் வண்டியில் பிந்தைய பெரிய எஞ்சினின் வார்ப்பு எண் இருந்தால் அது பிறகு ஏறிய எஞ்சின்; வேறு விசாரணை தேவையில்லை. தேதியும் அப்படியே. காரின் முதல் பதிவுக்குப் பிந்தைய வார்ப்புத் தேதி இருந்தால் அந்த பிளாக் அந்தக் காரோடு பிறந்ததல்ல. தேதி முந்தையது என்றால் அதனால் மட்டும் ஒரிஜினல் என்று ஆகிவிடாது. சந்தேகப்படக் காரணம் இல்லை என்றுதான் பொருள். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பழைய கார் வாங்குவதில் நேரும் ஏமாற்றங்களில் பலவற்றைத் தவிர்க்கலாம்.

அடித்த எண் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். அடித்த எண்ணும் நல்ல சாட்சிதான். ஹெரால்டின் மூலமான இங்கிலாந்து டிரையம்ஃபின் எஞ்சின் எண்ணின் கடைசியில் எச்.இ. என்று இருந்தால் உயர் அழுத்த எஞ்சின், எல்.இ. என்றால் குறைந்த அழுத்த எஞ்சின். இதை வார்ப்பு எண் சொல்லவே சொல்லாது. ஆனால் அடித்த எண்ணை அரைத்து எடுக்கலாம். அந்த இடத்தில் வேறு எண்ணை அடிக்கவும் செய்யலாம். புடைத்த எண்ணைப் பொய்யாக உண்டாக்க வேண்டுமானால் வார்ப்பிரும்பின் மேல் வெல்டு வைத்து வளர்க்க வேண்டும். மண்ணில் வார்த்த இரும்பின் சொரசொரப்பான தோலை அதில் கொண்டுவருவது மிகக் கடினம். “சிலிண்டர் போரை அளந்தால் போதாதா?” என்றும் கேட்பார்கள். ஈர லைனர் எஞ்சினில் சி.சி.யைச் சொல்ல அளவுதான் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் மறுபோர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்றிய எஞ்சினில் அளவு இன்றைய நிலையைத்தான் சொல்லும், பிறப்பைச் சொல்லாது. ஆகவே முதலில் வார்ப்பு எண்ணும் தேதியும், அடுத்து அடித்த எண், கடைசியில் அளவு. மூன்றும் ஒத்துப்போனால் நம்பலாம். ஒன்று முரண்பட்டாலும் பணத்தை எடுப்பதற்கு முன் நின்று கேட்க வேண்டும்.

இதில் அக்கறை காட்ட இன்னொரு காரணமும் வந்திருக்கிறது. 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தப்படி, 50 ஆண்டு கடந்த, சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாத வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம், பதிவெண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். வண்டலூரின் ஹெரால்டுகள் எல்லாம் இந்த வயதை எட்டிவிட்டன, முதல் கெஸல்களும் எட்டிவிட்டன. இங்கிலாந்தில் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்து, இந்தக் காருக்கு இந்த எஞ்சின்தான் என்று சான்றிதழ் கொடுக்கும் அறக்கட்டளை இருக்கிறது. நம் ஊர்க் கார்களுக்கு அப்படி ஒரு வழக்கம் வளரவில்லை. பதிவேட்டைப் புரட்ட வழியில்லாத இடத்தில் பதிவேடு பிளாக்தான். அதைத்தான் பளபளப்புக்காகக் கிரைண்டர் வைத்து வழிக்கிறோம், தடித்த பெயின்டால் மூடுகிறோம், எடைக்குப் போடுகிறோம். பிளாக்கைப் பிரிக்கும் ஒவ்வொரு பட்டறையும் போரிங்குக்கு அனுப்புவதற்கு முன் புடைத்த எண், தேதி, அடித்த எண் மூன்றையும் படம் எடுத்து, காரின் பதிவு ஆண்டோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். ஹெரால்டு வைத்திருப்போர் அந்தக் குறிப்புகளை ஒன்றாகச் சேர்த்தால், எந்த வார்ப்பு எண் எந்த ஆண்டு வண்டிகளில் வந்தது என்ற அட்டவணை தானே உருவாகும். செவர்லேக்கும் ஃபோர்டுக்கும் அப்படிப்பட்ட அட்டவணைகளை ஆர்வலர்கள்தான் எண் எண்ணாகச் சேர்த்து வளர்த்தார்கள். நாற்பது ஆண்டுகள் இங்கே கார் செய்த ஒரு தொழிற்சாலைக்கு அந்த அளவு உழைப்பையாவது நாம் கொடுக்க வேண்டும். பிளாக்குகள் மிச்சம் இருக்கும்போதே கொடுத்தால்தான் அது பலிக்கும்.