தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர்களின் ஊதியமும் பணிச்சுமையும் பற்றிய மக்கள் மனப்பாங்கு

தமிழ்நாட்டில் பள்ளி ஆசிரியர் தொழில் ஒருபுறம் பெரும் மதிப்புக்கும் மறுபுறம் கடும் குறைகூறலுக்கும் உள்ளாகும் தொழில் ஆகும். ஆசிரியரைத் தெய்வத்துக்கு முன் வைத்துப் போற்றும் மரபும், "வேலை குறைவு, விடுமுறை அதிகம், சம்பளம் மிக அதிகம்" என்னும் கருத்தும் ஒரே சமூகத்தில் அருகருகே நிலவுகின்றன. இக்கருத்து பெரும்பாலும் நிரந்தரப் பணியில் உள்ள அரசுப் பள்ளி ஆசிரியரை மட்டுமே மனதில் கொண்டு எழுவதாகும். ஆனால் ஆசிரியர் என்ற ஒரே பெயரின் கீழ் மிகவும் வேறுபட்ட ஊதியமும் பணிப் பாதுகாப்பும் கொண்ட பல பிரிவினர் பணியாற்றுகின்றனர்.

வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியருக்கு நிலையான சம்பளம் இருக்கவில்லை. மாணவர் வீட்டார் தரும் சிறு தொகை, நெல், பண்டிகைக் கால அன்பளிப்பு ஆகியவையே அவரது வருமானம். சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1822 இல் மாகாணத்தின் பள்ளிகள் குறித்துக் கணக்கெடுக்க ஆணையிட்டார். அதன் முடிவின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். ஆசிரியர் ஒருவர் மாணவருக்கு நான்கு முதல் எட்டு அணா வரை பெற்று, மாதம் ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை என்றும், தகுதியுள்ளோரை இத்தொழிலுக்கு ஈர்க்க இத்தொகை போதாது என்றும் மன்றோ 1826 இல் எழுதிய குறிப்பில் பதிவு செய்தார். வட்ட அளவிலான பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாயும், மாவட்ட அளவிலான பள்ளி ஆசிரியருக்கு 15 ரூபாயும் வழங்க அவர் பரிந்துரைத்தார். ஊதியத்துக்கும் கல்வித் தரத்துக்கும் உள்ள தொடர்பு குறித்த விவாதம் இவ்வாறு இரு நூற்றாண்டுகள் பழமையானது.

விடுதலைக்குப் பின்னரும் நெடுங்காலம் "வாத்தியார் சம்பளம்" என்பது குறைந்த வருமானத்தைக் குறிக்கும் சொல்லாகவே இருந்தது. 1981 இல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாக்கப்பட்டதும், பின்னர் ஊதியக் குழுக்கள் வழியாகக் கிடைத்த உயர்வுகளும் இந்நிலையை மாற்றின. இரக்கத்துக்குரியதாக இருந்த வேலை, ஒரு தலைமுறைக்குள் பிறர் விரும்பும் வேலையாயிற்று.

மதிப்பும் ஏளனமும்

"மாதா, பிதா, குரு, தெய்வம்" என்னும் வழக்கு ஆசிரியருக்குப் பெற்றோருக்கு அடுத்த இடத்தைத் தருகிறது. அதே தமிழில்தான் "வாக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை, போக்கற்றவனுக்குப் போலீசு வேலை" என்ற பழமொழியும் வழங்குகிறது. வேறு வேலை கிடைக்காதவர் செய்யும் வேலை என்ற எண்ணம் இதில் வெளிப்படுகிறது.

இந்தியாவில் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படும் செப்டம்பர் 5, சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் பிறந்த நாளாகும். அவர் 1888 இல் பிறந்த திருத்தணி இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. 1962 முதல் இந்நாள் கொண்டாடப்படுகிறது. சிறந்த ஆசிரியர்களுக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் விருதும் அவர் பெயரிலேயே அமைந்துள்ளது.

ஊதிய நிலைகள்

செவ்வாப்பேட்டை, கும்மிடிப்பூண்டி போன்ற ஊர்களில் ஒப்பந்தத் தொழிலாளர், சிறு வணிகர், அரசு ஊழியர் ஆகியோர் அருகருகே வாழ்கின்றனர். பணி நிரந்தரம் இல்லாத தொழிலாளி ஒருவருக்கு அரசுப் பள்ளி ஆசிரியரின் ஊதியம் பெரிதாகத் தோன்றுவது இயல்பே. எனினும் ஆசிரியர்களின் ஊதியம் ஒரே சீரானது அன்று.

* இடைநிலை ஆசிரியர்: 2009 மே 31 வரை பணியில் சேர்ந்தோருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் எனவும், மறுநாள் முதல் சேர்ந்தோருக்கு 5,200 ரூபாய் எனவும் அமைந்தது. ஒரே வகுப்பில் ஒரே பாடத்தை நடத்துவோரிடையே ஏற்பட்ட இந்த 3,170 ரூபாய் வேறுபாடே "சம வேலைக்குச் சம ஊதியம்" என்னும் போராட்டங்களின் அடிப்படை.
* தொகுப்பூதிய ஆசிரியர்: 2000களின் நடுப்பகுதியில் இடைநிலை ஆசிரியருக்கு 3,000 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 4,000 ரூபாய், முதுகலை ஆசிரியருக்கு 4,500 ரூபாய் என மாத ஊதியத்தில் நியமனங்கள் நடைபெற்றன. இவர்கள் 2006 சூன் 1 முதல் காலமுறை ஊதியத்துக்கு மாற்றப்பட்டனர்.
* பகுதிநேர ஆசிரியர்: 2012 இல் உடற்கல்வி, ஓவியம், கணினி, இசை, தையல் முதலியவற்றைக் கற்பிக்க 16,000க்கும் மேற்பட்டோர் மாதம் 5,000 ரூபாயில் நியமிக்கப்பட்டனர். 2021 இல் இது 10,000 ரூபாயாகவும், பின்னர் 12,500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது.
* தனியார் பள்ளி ஆசிரியர்: அரசு உதவி பெறாத பள்ளிகளில் ஊதியத்தை நிருவாகமே முடிவு செய்கிறது. கொரோனாப் பெருந்தொற்றின்போது (2020-2021) பள்ளிகள் மூடப்பட்டதால் பலர் ஊதியக் குறைப்புக்கும் வேலையிழப்புக்கும் உள்ளாயினர்.

2003 ஏப்ரல் 1க்குப் பின் பணியில் சேர்ந்தோருக்குப் பழைய ஓய்வூதியத்துக்கு மாற்றாகப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவரப்பட்டதும் ஆசிரியர்களிடையே மற்றொரு பிரிவை உண்டாக்கியது.

வேலைநிறுத்தங்களும் பொதுமக்களும்

2003 சூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, ஜெ. ஜெயலலிதா தலைமையிலான அரசு ஏறத்தாழ 1,70,000 பேரைப் பணிநீக்கம் செய்தது. அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமை இல்லை என 2003 ஆகத்து 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்து மிகப் பெரும்பாலானோர் பணிக்குத் திரும்பினர். தொடக்கத்தில் இந்நடவடிக்கையைத் துணிவானது என வரவேற்றோர் பலர் இருந்தனர். ஆயினும் 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி அணி மாநிலத்தின் 39 தொகுதிகளிலும் தோல்வியுற்றதற்கான காரணங்களுள் ஒன்றாக இது குறிப்பிடப்படுகிறது.

2019 சனவரி 22 அன்று ஜாக்டோ-ஜியோ கூட்டமைப்பு தொடங்கிய வேலைநிறுத்தம் சனவரி 30 அன்று கைவிடப்பட்டது. பொதுத் தேர்வு நெருங்கும் வேளையில் பள்ளிகள் மூடப்பட்டதைப் பெற்றோர் பலர் கண்டித்தனர். அப்போது 10,000 ரூபாய் ஊதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க அரசு முன்வந்தது. ஏராளமான பட்டதாரிகள் விண்ணப்பித்தனர். "இவ்வளவுக்கே ஆள் கிடைக்கும்போது அதிகம் ஏன் தர வேண்டும்" என்ற வாதத்துக்கு இது சான்றாகக் காட்டப்பட்டது. பயிற்சி பெற்றும் வேலையின்றி இருப்போர் எத்தனை பேர் என்பதையே இந்நிகழ்வு காட்டுகிறது என்பது எதிர்வாதம்.

பணிச்சுமை

ஆசிரியர் பள்ளி நேரத்தில் மட்டும் வேலை செய்பவர் என்பது பொதுவான எண்ணம். 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பாடத் தயாரிப்பையும் சேர்த்து வாரத்துக்கு 45 மணி நேரத்தை ஆசிரியரின் வேலை நேரமாக வரையறுக்கிறது. அச்சட்டத்தின் 27 ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர்ந்த கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. நடைமுறையில் விலையில்லாப் பொருள்கள் வழங்கல், வருகையையும் மாணவர் விவரங்களையும் இணையத்தில் பதிதல் முதலியனவும் ஆசிரியர் மீதே விழுகின்றன.

அறுபது மாணவர் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்பது சட்ட அளவு. எனவே சிற்றூர்ப் பள்ளிகளில் இருவரே ஐந்து வகுப்புகளையும் நடத்துகின்றனர். ஒருவர் கூட்டத்துக்குச் சென்றால் பள்ளி முழுவதும் மற்றவர் பொறுப்பு. திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து பருவந்தோறும் வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, அவர்கள் மொழியில் கற்பிக்கத் தனி ஏற்பாடுகளும் தேவைப்பட்டன.

பணியிலுள்ள ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட்டது.

குறைகூறல்கள்

ஆசிரியர் மீதான குறைகூறல் அனைத்தும் பொறாமையால் எழுவதன்று. 2003 இல் இந்தியா முழுதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் முன்னறிவிப்பின்றி நடத்தப்பட்ட ஆய்வில், ஏறத்தாழ 25 விழுக்காட்டு ஆசிரியர்கள் பள்ளியில் இல்லை எனத் தெரியவந்தது. தனிப்பயிற்சி வகுப்பு நடத்துவதைக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்தும் அது முற்றிலும் நிற்கவில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர்களே தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளிகளில் சேர்ப்பதும் அடிக்கடி எழுப்பப்படும் கேள்வியாகும்.

வெளியகரம் நிகழ்வு

2018 சூனில் திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு வட்டம் வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஆங்கில ஆசிரியர் ஒருவருக்கு இடமாறுதல் ஆணை வந்தது. பிரிய மறுத்த மாணவர்கள் அவரைச் சூழ்ந்து அழுத காட்சி நாடெங்கும் பரவியது. பெற்றோரும் மாணவருடன் சேர்ந்து எதிர்ப்புத் தெரிவித்ததால் மாறுதல் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. 'ஆசிரியர்கள்' என்ற தொகுதியைக் குறை கூறும் சமூகமே, தன் பிள்ளைக்குக் கற்பிக்கும் ஆசிரியரை விட்டுக்கொடுப்பதில்லை என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

பிற நாடுகளில்

வார்க்கி அறக்கட்டளை 2018 இல் 35 நாடுகளில் நடத்திய ஆசிரியர் மதிப்புக் குறியீட்டு ஆய்வில் சீனா முதலிடத்தையும் பிரேசில் இறுதி இடத்தையும் பெற்றன. ஆசிரியர்கள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைக்கின்றனர் என்பதைப் பெரும்பாலான நாடுகளின் மக்கள் குறைத்தே மதிப்பிட்டனர். வகுப்பறையில் நடப்பது மட்டுமே வெளியே தெரிவதும், விடைத்தாள் திருத்தமும் பாடத் தயாரிப்பும் கண்ணுக்குத் தெரியாததும் இதற்குக் காரணம் எனலாம்.

இவற்றையும் பார்க்கவும்

* ஆசிரியர் நாள்
* திண்ணைப் பள்ளிக்கூடம்
* சர்வபள்ளி இராதாகிருஷ்ணன்
* திருவள்ளூர் மாவட்டம்