கல் என்று நினைத்தார்கள்; உயிர் என்று தெரிந்தது!

மூளை இல்லை, இதயம் இல்லை, ரத்தம் இல்லை - ஆனாலும் வாழும் கடல் பிராணிகள்

தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் தவறாமல் நின்று பார்க்கும் இடம் ஒன்று உண்டு. அது பாழடைந்த ஒரு மாதா கோவில். 1964-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அடித்த பெரும் புயலில் ஊரே அழிந்தது. கோவிலின் கூரை போயிற்று. சுவர்கள் மட்டும் இன்னும் நிற்கின்றன.

அந்தச் சுவரை நெருங்கிப் பார்த்தால் ஓர் அதிசயம் தெரியும். கல்லெல்லாம் சல்லடைக் கண்கள்! சில கற்களில் நட்சத்திரம் போன்ற குழிகள். சிலவற்றில் வளைந்து நெளிந்து ஓடும் கோடுகள். சிற்பி உளி கொண்டு செதுக்கியதா? இல்லை. ஒவ்வொரு குழியும் ஒரு காலத்தில் ஒரு பிராணி குடியிருந்த வீடு!

இதற்கு முருகைக் கல் என்று பெயர். பவளப் பூச்சிகள் கடலுக்கடியில் கட்டியது. கடலோர மக்கள் தலைமுறை தலைமுறையாக இதை வெட்டி எடுத்து வீடு கட்டினார்கள்; சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கினார்கள். "கடலில் கிடக்கும் கல்தானே!" என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அது கல் அல்ல, உயிர் என்று உலகம் ஒப்புக்கொள்வதற்கே நெடுங்காலம் பிடித்தது. அதற்காக ஒருவர் ஏளனத்துக்கும் ஆளாக நேர்ந்தது.

பவளக்கொடி

பவளம் செடியா, கல்லா, பிராணியா? பழங்காலத்தில் பலர் சொன்ன விடை: "செடி." தமிழர்களும் பவளத்தை நவமணிகளில் ஒன்றாக எண்ணினாலும், 'பவளக்கொடி' என்றே பெயரிட்டார்கள். அந்தப் பெயருள்ள நாயகியை நாடக மேடையில் கண்டு களித்தார்கள். ஐரோப்பாவிலும் இதே கதைதான். 1706-ம் ஆண்டில் மார்சிலி என்ற இத்தாலியப் பிரபு, கடல்நீர் நிரம்பிய பாத்திரத்தில் பவளக் கிளையை இட்டுப் பார்த்தார். கிளை முழுவதும் வெள்ளை வெள்ளையாகப் 'பூக்கள்' மலர்ந்தன. சந்தேகம் தீர்ந்தது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். பூ இருந்தால் செடிதானே!

ஒருவருக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. அவர் பிரான்ஸ் நாட்டு மார்செய் நகரத்து வைத்தியர், பேய்சொனெல். அவரும் பவளத்தைக் கடல்நீரில் வைத்துப் பார்த்தார். தொட்டால் 'பூ' சுருங்கிற்று. விட்டுவிட்டால் மீண்டும் விரிந்தது. பவளக் கிளை அழுகியபோது எழுந்தது செடி அழுகும் வாடை அல்ல. மீன் அழுகும் நாற்றம்! "இது பூ அல்ல, பூச்சி. பவளம் அந்தப் பூச்சி கட்டும் கூடு" என்று பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்கு எழுதி அனுப்பினார்.

அப்போது அங்கே பெரும் புகழோடு விளங்கியவர் ரெயோமூர் என்ற அறிஞர். 1727-ல் அவர் இந்தக் கருத்தை மறுத்து எழுதினார். எழுதியவரின் பெயரைக்கூட அவர் வெளியிடவில்லை. இப்படிப்பட்ட பைத்தியக்காரக் கருத்தைச் சொன்னவரின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற இரக்கம்தான் காரணம்! பேய்சொனெல் கடல் கடந்து குவாடலூப் தீவுக்கு அரசாங்க வைத்தியராகப் போய்விட்டார்.

சில ஆண்டுகள் கழிந்தன. 1740-ல் டிரெம்ப்ளே என்ற ஆசிரியர், குளத்து நீரில் வாழும் ஹைடிரா என்ற சிறு உயிரை இரண்டாக நறுக்கினார். இரண்டு துண்டுகளும் இரண்டு முழு ஹைடிராக்களாக வளர்ந்தன. செடியைப் போலத் துளிர்த்தாலும், அது இரை பிடித்துத் தின்றது. செடி போலத் தோன்றுவதெல்லாம் செடி அல்ல என்று அறிஞர்களுக்கு அப்போது உறைத்தது. ரெயோமூர் கடற்கரைக்கு ஆள் அனுப்பிப் பார்க்கச் செய்தார். பேய்சொனெல் சொன்னது உண்மை என்று தெரிந்தது. தாம் மறுத்தவரின் பெயரை 1742-ல் அவரே வெளிப்படையாகச் சொல்லிப் பாராட்டினார்.

ஒரே வாசல் உள்ள வீடு

பவளப் பூச்சியின் உடல் மிக எளிது. ஒரு சுருக்குப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். பையின் வாய்தான் அதன் வாய். உள்ளே இருப்பது வயிறு. வாயைச் சுற்றி விரல்கள் போன்ற உணர்கொம்புகள். உணவு போவதும் அந்த வாசல் வழியே. கழிவு வெளியேறுவதும் அதே வாசல் வழியே! மூளை இல்லை. இதயம் இல்லை. ரத்தமும் இல்லை. நரம்புகள் மட்டும் வலை போல உடலெங்கும் பரவியிருக்கின்றன.

ஆனால் ஆயுதம் இருக்கிறது. உணர்கொம்புகளில் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் உறைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றினுள்ளும் ஒரு நூல் சுருண்டு கிடக்கிறது. இரை பட்டதும் விசை தெறித்து, நூல் அம்பாகப் பாய்ந்து விஷம் ஏற்றுகிறது. கண் இமைக்கும் நேரம்கூட இதற்குத் தேவையில்லை.

கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சொறி மீனும் இதே குலம். பாறையில் ஒட்டிக்கொண்டு பூப்போல விரியும் கடல் சாமந்தியும் இதே குலம்தான். பையை நிமிர்த்தி வைத்தால் சாமந்தி. கவிழ்த்து மிதக்கவிட்டால் சொறி! இந்தக் குலத்தில் இதுவரை அறியப்பட்ட இனங்கள் பத்தாயிரத்துக்கும் மேல்.

சொறி மீனின் உடலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான். ஆனாலும் அதை ஏமாளி என்று எண்ண வேண்டாம். பெட்டி வடிவமுள்ள ஒரு சிறு சொறிக்கு இருபத்து நான்கு கண்கள்! மூளையே இல்லாத இது, தடைகளில் மோதிய அனுபவத்தால் பாடம் கற்று, பிறகு மோதாமல் ஒதுங்கிச் செல்கிறது என்று 2023-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

துணியில் வடிகட்டினாலும் சாகாது

சொறியைவிடவும் எளிய பிராணி கடற்பஞ்சு. இதற்கு நரம்புகூட இல்லை. வாய் இல்லை, வயிறும் இல்லை. உடலெல்லாம் துளை. பாறையில் ஒட்டியபடி அசையாமல் இருப்பதால், இதையும் வெகுகாலம் செடி என்றே நினைத்தார்கள்.

1825-ல் எடின்பரோ நகரத்து ராபர்ட் கிராண்ட் ஓர் உயிருள்ள கடற்பஞ்சைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். அதன் பெரிய துவாரத்திலிருந்து ஊற்றுப் பொங்குவது போல நீர் வெளியே பாய்ந்துகொண்டிருந்தது! சிறு துளைகள் வழியே நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணிய உணவைச் சலித்துக்கொண்டு, நீரை வெளியே தள்ளுகிறது கடற்பஞ்சு. விரல் பருமனும் பத்து சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு சிறு பஞ்சு, ஒரு நாளில் சுமார் 22 லிட்டர் நீரை இவ்வாறு இறைக்கிறது. ஒரு குடத்துக்கும் மேலே!

1907-ல் அமெரிக்க விஞ்ஞானி வில்சன் இன்னும் வேடிக்கையான சோதனை செய்தார். உயிருள்ள கடற்பஞ்சைப் பட்டுத் துணியில் வைத்துப் பிழிந்தார். அது தனித்தனி அணுக்களாகச் சிதறி நீரில் மேகம் போலக் கலந்தது. சிதறிய அணுக்கள் ஊர்ந்து ஊர்ந்து ஒன்றையொன்று தேடிச் சேர்ந்தன. மீண்டும் பஞ்சாகிவிட்டன!

இந்தப் பிராணிகளால் மனிதனுக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கும் விடை இருக்கிறது. கரீபியன் கடலில் கிடைத்த ஒரு கடற்பஞ்சில் விசித்திரமான ரசாயனப் பொருள்கள் இருப்பது 1950-களின் தொடக்கத்தில் தெரியவந்தது. அவற்றின் அமைப்பைப் பின்பற்றிச் செய்யப்பட்ட சைட்டராபின் என்ற மருந்து 1969-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அதைக் கொடுக்கிறார்கள்.

குடித்தனக்காரரும் வீட்டுக்காரரும்

மீண்டும் பவளத்துக்கு வருவோம். சில மில்லிமீட்டரே அகலமுள்ள பூச்சி மலை போன்ற பாறையை எப்படிக் கட்டுகிறது?

அதன் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு சமைத்து, அதில் பெரும் பங்கைப் பூச்சிக்குக் கொடுக்கின்றன. பூச்சி அவற்றுக்குத் தங்க இடம் தருகிறது. பவளத்துக்கு நிறம் கிடைப்பதும் பெரும்பாலும் இந்தக் குடித்தனக்காரரால்தான். இந்த உணவின் பலத்தில் பூச்சி கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைப் பிரித்துத் தன் அடியில் வீடு கட்டுகிறது. மேலும் மேலும் கட்டிக்கொண்டே உயருகிறது.

ஆனால் வேலை மிக மெதுவாக நடக்கும். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆள் உயரப் பவளப் பாறை என்றால், அதற்கு வயது நூறுக்கு மேல் என்று கணக்கு. அதைக் கடப்பாரையால் பெயர்க்கச் சில நிமிஷம் போதும்.

கடல்நீரின் சூடு வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஓரிரு டிகிரி கூடி, சில வாரம் நீடித்தால், வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் உறவு முறிகிறது. பாசிகள் வெளியேறுகின்றன. பவளம் வெளுத்துவிடுகிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் பட்டினியால் மடியும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் இவ்வாறு பெருமளவில் வெளுத்தன.

மூழ்கிய தீவுகள்

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 சிறு தீவுகள் வரிசையாக இருந்தன. அவற்றைச் சுற்றி 117 வகைப் பாறைப் பவளங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் கடல் உயிர்களைப் பற்றி மட்டும் சென்னை அரும்பொருட்காட்சிசாலை 1927-ல் ஒரு தனி நூல் வெளியிட்டது. அத்தனை செல்வம் அங்கே!

அந்தச் செல்வத்தைத்தான் படகு படகாக வெட்டி எடுத்தார்கள். சூளைக்கும் வீட்டுக்கும் முருகைக் கல் போயிற்று. பவளப் பாறை, அலையின் வேகத்தை உடைக்கும் அணை. அணை போனால் கரை கரையும். விளங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கின. கல்லை வெட்டியதே முக்கிய காரணம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

1986-ல் இந்தத் தீவுகள் கடல் தேசியப் பூங்காவாயின. 2001-ல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்தது; புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு அதற்கும் கிடைத்தது. 2004-ம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு, அலையைத் தடுக்கும் பாறையின் அருமை கடலோர மக்களுக்கு நன்றாகப் புரிந்தது. கல் வெட்டுவதும் ஏறக்குறைய நின்றது. தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் உயிருள்ள பவளத் துண்டுகளைச் சிமெண்டுச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்க்கிறார்கள். கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க, 2015 முதல் அதன் முன்னே செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள்.

கடலில் கடப்பாரை ஓய்ந்துவிட்டது, சூடு ஓயவில்லை. கடலைச் சூடாக்கும் புகை எங்கெங்கோ உள்ள ஆலைகளிலிருந்தும் வண்டிகளிலிருந்தும் எழுகிறது. அதை ஒரு கரையில் நின்று தடுக்க முடியாது.

தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் அந்தச் சுவரை இனி ஒரு கணம் கூடுதலாகப் பார்க்கலாம். அங்கே உள்ள ஒவ்வொரு குழியிலும் ஓர் உயிர் இருந்தது. அதன் உறவினர்கள் பக்கத்துக் கடலில் இப்போதும் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.