வீடு மாறும் கடல்மீன்கள்: தண்ணீர் முதலில், மீன் கடைசியில்

வீடு மாறும் நாளில் கட்டிலையும் குளிர்பதனப் பெட்டியையும் லாரியில் ஏற்றிவிடலாம். வரவேற்பறைத் தொட்டியில் நீந்தும் கோமாளி மீனை அப்படி ஏற்ற முடியாது. ஃபேரர் பார்க்கின் ஓவன் சாலையிலிருந்து பொங்கோலுக்குப் போனாலும், பக்கத்து புளோக்குக்குப் போனாலும், தூரம் ஒரு பொருட்டல்ல. போய்ச் சேரும் தொட்டி தயாரா என்பதே கேள்வி. நன்கு பராமரித்தால் பத்தாண்டுக்கு மேல் வாழும் மீன், ஒருநாள் அவசரத்தில் செத்துப்போகலாம்.

மீன்களின் கழிவிலிருந்து அம்மோனியா உருவாகிறது. சிறிதளவே மீனைக் கொல்லப் போதும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. பாறையிலும் மணலிலும் வடிகட்டியிலும் ஒட்டி வாழ்கின்றன. புதுத் தொட்டியில் இவை பெருக நான்கு முதல் ஆறு வாரமாகலாம். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டும்வரை மீன் விடக்கூடாது. காலித் தொட்டியைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளைச் சமாளிப்பதுதான் சிரமம்!

தண்ணீரை ஓர் இரவு வாளியில் வைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். குளோரின் அப்படிப் போய்விடும். ஆனால் நம் குழாய்நீரில் கலந்திருப்பது குளோரமின். அது எளிதில் போகாது. அதை நீக்கும் மருந்தைச் சேர்க்க வேண்டும், அல்லது ஆர்.ஓ. நீரைப் பயன்படுத்த வேண்டும். தேக்காவில் வாங்கும் கல்லுப்பும் உதவாது. கால்சியம், மக்னீசியம் உள்ளிட்டவை சேர்ந்த மீன்தொட்டிக் கடலுப்பே தேவை; 100 லிட்டருக்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. சிராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் மீன்கடைகளில் கிடைக்கும். முதல்நாளே தனி வாளியில் கலந்து வைப்பது நல்லது. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் நன்னீர் மட்டும் ஊற்றுங்கள், உப்பு ஆவியாவதில்லை. வெப்பநிலை 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதால், நம் வெயிலுக்குக் குளிரூட்டியோ விசிறியோ இல்லாமல் முடியாது.

பழைய தொட்டியையே எடுத்துச் செல்வோர் காக்க வேண்டியது பாறைகளைத்தான். அவற்றைப் பழைய கடல்நீரில் மூழ்கவைத்தே கொண்டுபோக வேண்டும். காய்ந்தால் பாக்டீரியா மடியும், ஆறு வார வேலை மீண்டும் தொடங்கும். வடிகட்டியின் பஞ்சையும் குழாய்நீரில் அலசாதீர்கள். மணலைக் கிளறி அப்படியே மாற்றுவதும் ஆபத்து: அடியில் தேங்கிய அழுக்கும் நச்சுவாயுவும் வெளிவரும். மணலைக் கடல்நீரில் நன்றாக அலசுங்கள், இல்லையேல் புதிது போடுங்கள். பழைய நீரில் பாதியையாவது மூடியுள்ள வாளிகளில் எடுத்துச் செல்லலாம்.

மீனுக்கு முந்தைய நாள் உணவு வேண்டாம். பையில் கழிவு குறையும். பைக்கு ஒரு மீன், மூன்றில் ஒரு பங்கு நீர், மீதி காற்று. பைகளை தெர்மக்கோல் பெட்டிக்குள் இருட்டில் வையுங்கள். லாரியில் மீன் கடைசியாக ஏற வேண்டும்.

புது வீட்டில் தொட்டி ஓடத் தொடங்கி, உப்பும் வெப்பமும் சரியான பின்னரே பையை 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். பிறகு மீனை அதன் நீரோடு வாளிக்கு மாற்றி, தொட்டி நீரை மெல்லிய குழாய்வழி சொட்டுச் சொட்டாக அரைமணி நேரம் சேருங்கள். மீனை மட்டும் வலையில் எடுத்து விடவேண்டும். பைநீர் தொட்டிக்குள் போகக்கூடாது. அன்று விளக்கு வேண்டாம். ஒரு வாரத்துக்கு அம்மோனியாவை அன்றாடம் சோதியுங்கள். ஏறினால் நீரில் ஒரு பகுதியை உடனே மாற்றுங்கள்.

புது வீட்டில் தொட்டிக்கு இடமில்லையென்றால் மீனைக் கடலிலோ கால்வாயிலோ விடாதீர்கள். மீன்கடையிடமோ வளர்க்கும் நண்பரிடமோ கொடுத்துவிடலாம்.