வாச்சி பட்ட ஊர், கூழாங்கல் மலை

பாசு என்றால் மூங்கில். மூங்கில் புதரில் வாச்சி என்னும் வெட்டுக்கருவி பட்டு வெளிப்பட்ட லிங்கம் என்பதால் திருப்பாச்சூர் சுவாமிக்கு வாசீஸ்வரர் என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. அந்த மூங்கில் காடு இன்றைக்கு ஊர்ப்பெயரில்தான் மிச்சம். ஆனால் வெட்டுக்கருவியின் கதை இந்த வட்டாரத்தில் எவ்வளவு பழையது என்று பார்க்க, வடக்கே பூண்டியைத் தாண்டி அல்லிக்குழி மலைக்குப் போக வேண்டும்.

ஊட்டி மாதிரி மலை இல்லை. செம்மண்ணும் முள்ளுக்காடும்தான். அங்குள்ள குடியம் குகைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால், கடலை மிட்டாயில் கடலை பதிந்த மாதிரி பாறை முழுக்க உருண்டைக் கற்கள். எலுமிச்சை அளவும் உண்டு, தேங்காய் அளவும் உண்டு. தடவிப் பார்த்தேன், வழுவழுவென்று இருந்தன. கல்லை இப்படி உருட்டித் தேய்த்தது ஓடும் தண்ணீர். இன்று மேடாக நிற்பது டைனோசர் காலத்தில் ஆறு கொண்டுவந்து குவித்த கல்.

மழையில் கழன்று ஓடையில் உருண்டு வந்த அந்தக் கற்களைத்தான் பக்கத்திலுள்ள அத்திரம்பாக்கத்து ஆதிமனிதன் உடைத்துக் கைக்கோடரி செய்தான். 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கருவிகளைக் கண்டெடுத்தார். 2011இல் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு, அங்கே அகழ்ந்தெடுத்த கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று அறிவித்தது. புதைந்து கிடக்கும் கல்லில் காஸ்மிக் கதிர்களின் தடயம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து சொன்ன கணக்கு அது. கல் புதைந்த அடுக்கிலேயே கிடந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

இதே வட்டாரத்தில், நகரி மலைத் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு வரும் கொசஸ்தலையாற்றை 1944 முதல் பூண்டி அணை தேக்குகிறது. 1996 முதல் கிருஷ்ணா நீரும் கால்வாய் வழியாக வந்து அதில் கலக்கிறது. தண்ணீர் கூடியது நல்லதுதான். என் மனசு கேட்காதது மண் விஷயத்தில்தான். ஆலை மனைகளையும் வீட்டு மனைகளையும் மேடாக்க, திருவள்ளூர் மாவட்டம் முழுக்க லாரி லாரியாகக் கிராவலும் சவுடும் போகின்றன.

போன மாதம் எங்கள் தெருவில் கொட்டிய செம்மண்ணில் ஒரு கல்லை எடுத்தேன். ஒரு பக்கம் வழுவழுப்பான உருண்டை, மறுபக்கம் செதில் செதிலாகப் பெயர்ந்த விளிம்பு. கை வேலையா, லாரியில் அடிபட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எந்த இடத்து மண் என்று ஓட்டுநரிடம் கேட்டேன்.

"மூணு இடத்துல அள்ளினது சார், எல்லாம் கலந்துடுச்சு" என்றார்.