பெண் பிள்ளைக்குக் கிடைத்த சைக்கிளை யார் ஓட்டுகிறார்கள்?

 

ஒவ்வொரு ஆண்டும் பள்ளிக்கூடம் திறந்ததும் கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு மனுக்கள் வரும். புத்தகம், சீருடை ஆகியவற்றோடு இப்போது ஆட்டோ கட்டணம் கேட்டும் மனுக்கள் வருகின்றன. அவை பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்காக. விசாரிக்க வீட்டுக்குப் போனால், சில வீடுகளில் அரசு கொடுத்த சைக்கிள் வாசலில் நிற்கிறது. யாருடையது என்று கேட்டால், "பாப்பாவுக்குக் கொடுத்ததுதான் பாய், தம்பி ஓட்டுறான்" என்கிறார்கள். வேறு சில வீடுகளில் வந்த விலைக்கு விற்றுவிட்டார்கள்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. பிள்ளையின் பாதுகாப்பும் கண்ணியமும் குறித்த கவலைதான் பெற்றோரை அப்படிச் செய்ய வைக்கிறது. அந்தக் கவலையை மதித்தே சில செய்திகளை உங்கள் முன் வைக்கிறேன்.

புதுக்கோட்டையில் நடந்தது

நம் மாநிலத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவு வகுப்பு நடத்தும் பெண்கள் ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. கிராமங்களுக்குப் பஸ் குறைவு. எனவே அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்பதையும் எழுத்தறிவுப் பணியின் ஒரு பகுதியாக்கினார். பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கும்படி வங்கிகளையும் கேட்டுக்கொண்டார்.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே நேரில் போய் எழுதியிருக்கிறார். அவர் தரும் கணக்குப்படி, சுமார் ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பத்து வயதுக்கு உட்பட்ட சிறுமிகளைக் கழித்துப் பார்த்தால், மாவட்டத்தின் கிராமப் பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல் என்று வருகிறது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளே வாங்கினார்கள். முன்னால் உள்ள கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பிய தாய்மார்களும் உண்டு.

அந்தப் பெண்களில் நம் சமுதாயத்துப் பெண்களும் இருந்தார்கள். ஆரம்பத்தில் தெருவில் கேலிப்பேச்சு இருந்தது, அதைக் காதில் வாங்காமல் ஓட்டினேன் என்று ஓர் இளம்பெண் சொன்னதை அவர் பதிவு செய்திருக்கிறார். அன்று ஒரு சைக்கிளின் விலை 1,200 ரூபாய்க்கு மேல். அதை வாங்க முடியாமல், தினமும் மாலையில் வாடகைக்கு எடுத்து ஓட்டிய ஆசிரியை ஒருவரும் அதில் வருகிறார்.

இதனால் நடைமுறையில் கிடைத்த பயன் நேரம். விளைபொருள் விற்கப் போகும் பெண் பஸ்ஸுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம், அப்பாவோ அண்ணனோ கணவரோ கொண்டுபோய் விடட்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். மிச்சமான நேரத்தில் இன்னும் இரண்டு ஊர்களுக்குப் போய் விற்க முடிந்தது. வீட்டு வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நேரம் கிடைத்தது. நம் ஆரணியில் தறி வேலையை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு நேரத்தின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. தார் சுற்றும் கை ஒரு மணி நேரம் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்பது அந்த வீட்டுக்குத் தெரியும்.

தூரம் என்னும் காரணம்

தமிழக அரசு 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005-06 முதல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் படிக்கும் மாணவ மாணவியர் எல்லோருக்கும் அது விரிவானது.

பீகாரில் 2006-ல், ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். அதன் விளைவைக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை அத்திட்டத்தால் 32 சதவீதம் கூடியது. ஆண், பெண் சேர்க்கைக்கு இடையே இருந்த இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். படிப்பில் ஆசை இல்லாமல் அந்தப் பிள்ளைகள் நிற்கவில்லை, தூரம்தான் நிறுத்தியது என்பது இதிலிருந்து புரிகிறது. நாலைந்து பேர் சேர்ந்து ஒன்றாகப் போனதால் வழியில் பயமும் குறைந்தது.

இதைப் படித்தபோது எனக்கு என் தங்கையின் நினைவு வந்தது. எங்கள் வீட்டில் அன்று ஒரே சைக்கிள். அதில் நான் உயர்நிலைப் பள்ளிக்குப் போனேன். தங்கை எட்டாம் வகுப்போடு நின்றாள். பள்ளிக்கூடம் தூரம் என்று எல்லோரும் காரணம் சொன்னோம். அதே தூரத்தை நான் தினமும் பதினைந்து நிமிடத்தில் கடந்துகொண்டிருந்தேன். அவளுக்கும் ஒன்று வேண்டுமே என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மார்க்கம் தடுக்கிறதா?

"பெண் பிள்ளை சைக்கிள் ஓட்டலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். மார்க்கத் தீர்ப்பு சொல்ல வேண்டியவர்கள் ஆலிம்கள். நாம் ஏற்கெனவே அறிந்த இரண்டு ஹதீஸ்களை மட்டும் நினைவூட்டுகிறேன்.

ஒட்டகத்தில் ஏறிச் செல்லும் பெண்களில் குறைஷிக் குலத்தின் நல்ல பெண்களைச் சிறந்தவர்களாக நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்து சொன்ன செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பிள்ளைகள் மீது காட்டும் பாசமும் கணவரின் பொருளைப் பேணுவதும் அந்தப் புகழுக்குக் காரணங்கள். வாகனத்தில் ஏறும் பெண் என்பது அங்கே குறையாகச் சொல்லப்படவில்லை.

இரண்டாவது, அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்களைப் பற்றியது. கணவர் ஸுபைர் (ரலி) அவர்களின் நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து நடந்து வருவார்கள். தூரம் மூன்றில் இரண்டு ஃபர்ஸக், அதாவது மூன்று கிலோமீட்டருக்கு மேல். ஒருநாள் வழியில் கண்ட நபி (ஸல்) அவர்கள், அவர்களை ஏற்றிக்கொள்வதற்காகத் தம் ஒட்டகத்தை மண்டியிட வைத்தார்கள். அஸ்மா (ரலி) வெட்கப்பட்டு ஏறவில்லை. நபியவர்களும் அதைப் புரிந்துகொண்டு சென்றுவிட்டார்கள். வீட்டில் இதைக் கேட்ட ஸுபைர் (ரலி), நீ ஏறி வருவதைவிட இப்படிச் சுமந்து நடப்பதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது என்ற கருத்தில் சொன்னார்கள். பெண்ணின் வெட்கமும் அங்கே மதிக்கப்பட்டது, அவளது சிரமமும் உணரப்பட்டது. நாமும் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

பர்தாவோடு சைக்கிள் ஓட்டலாம். செயின் முழுவதையும் மூடும் கவர் இருக்க வேண்டும். பின் சக்கரத்தில் துணி மாட்டாதபடி வலை போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டையும் சைக்கிள் கடையிலேயே மாட்டித் தருவார்கள். துப்பட்டாவின் நுனியைத் தொங்கவிடாமல் ஊசி குத்திக்கொள்வது அவசியம். புர்கா தரையைத் தொடும் நீளத்தில் இருக்கக் கூடாது. சீட்டில் உட்கார்ந்தால் கால் தரையில் படும்படி உயரத்தைக் குறைத்துக் கற்றுக்கொடுங்கள். தினமும் புறப்படும் முன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பஜார் நெரிசலில் கற்றுக்கொடுக்க வேண்டாம். ஃபஜ்ருக்குப் பின் தெரு அடங்கியிருக்கும் நேரம் நல்லது. ஒரே தெருப் பிள்ளைகள் மூன்று நான்கு பேர் சேர்ந்து பள்ளிக்குப் போகட்டும். தெருமுனையில் நின்று கேலி பேசும் பையன்களைத் திருத்துவது நம் ஜமாஅத்துப் பெரியவர்களின் பொறுப்பு. அதற்காகப் பெண் பிள்ளையை வீட்டில் வைப்பது நியாயமல்ல.

விடுமுறை நாட்களில் பெண்களே பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்யலாமா என்று அறக்கட்டளையில் ஆலோசித்து வருகிறோம். கற்றுக்கொடுக்க முன்வரும் சகோதரிகளும் கற்க விரும்பும் பிள்ளைகளின் தாய்மார்களும் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். இனி ஆட்டோ கட்டணத்துக்கு மனு கொடுக்கும்போது, வீட்டில் சைக்கிள் இருக்கிறதா, யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்போம். தவறாக நினைக்க வேண்டாம். உண்மையாகவே தூரமான பிள்ளைக்கும் உடல் முடியாத பிள்ளைக்கும் அந்தப் பணம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான்.

மகளுக்குக் கிடைத்த சைக்கிள் மகளுடைய அமானிதம். அதை அவளிடமே விட்டுவிடுங்கள். தம்பி கொஞ்சம் நடக்கட்டும். நம் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பயனுள்ள கல்வியை அல்லாஹ் தந்தருள்வானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்