செத்து மிதந்தால்தான் சேதமா?

பழவேற்காடு ஏரியின் உப்பு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாற்று வெள்ளம் வந்து சேர்ந்தால் ஏரி ஏறக்குறைய நன்னீராகிறது. கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால், ஆழமில்லாத பகுதிகளில் உப்பு கடலையும் மிஞ்சுகிறது. மடவையும் கொடுவாவும் இதையெல்லாம் தாங்கித்தான் வாழ்கின்றன. இதைக் காட்டியே, “உவர்நீர் மீனுக்கு எந்தத் தண்ணீரும் ஒன்றுதான், பண்ணைக் கழிவும் ஆலைக் கழிவும் கொஞ்சம் கலந்தால் என்ன, மீன் செத்தா மிதக்கிறது?” என்று வாதிடுபவர்கள் உண்டு. மீனின் செவுளுக்குள் நடப்பதைப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. எலும்பு மீன்களின் இரத்தச் செறிவு அதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே கடலில் உப்பு மீனுக்குள் புகுந்துகொண்டே இருக்கும், நன்னீரில் உடலின் உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். இரண்டையும் சரிக்கட்டும் முக்கிய இடம் செவுள். அங்கே உப்பை வெளியேற்றும் செல்கள் இருப்பதை ஆன்செல் கீஸும் எட்வர்டு வில்மரும் 1932இல் விலாங்கு மீனில் கண்டனர். அந்தச் செல்களை இயக்கும் நொதிக்குச் சோடியம்-பொட்டாசியம் ஏடிபேஸ் என்று பெயர். 1957இல் நண்டின் கால் நரம்பில் அதைக் கண்டறிந்த டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ, அதற்காக 1997இல் நோபல் பரிசின் ஒரு பாதியைப் பெற்றார். ஒவ்வொரு சுற்றிலும் இந்த நொதி மூன்று சோடிய அயனிகளைச் செல்லுக்கு வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசிய அயனிகளை உள்ளே இழுக்கிறது. அதற்குச் செல்லின் எரிபொருளான ஏடிபியில் ஒரு மூலக்கூறு செலவாகிறது. ஏடிபி மீன் தின்ற இரையிலிருந்து வருவது. உப்போடு மல்லுக்கட்டும் மீன், வளர்ச்சிக்கும் முட்டைக்கும் போக வேண்டிய சக்தியை அதில் கரைக்கிறது. செத்து மிதக்காத மீனிலும் இழப்பு உண்டு என்பதற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம் நேரம். ஜிலேபிக் கெண்டையின் செவுளில் நன்னீருக்கு இந்த நொதியின் ஒரு வடிவமும், கடல்நீருக்கு வேறொரு வடிவமும் ஓங்குகின்றன. ஒன்றைக் குறைத்து மற்றதைப் பெருக்க, செவுள் செல்களையே மாற்றியமைக்க, மணிக்கணக்கும் நாள்கணக்கும் ஆகும். எதையும் தாங்கும் என்று பெயரெடுத்த அந்த மீனையே நன்னீரிலிருந்து நேரே முழுக் கடல்நீரில் விட்டால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் செத்துப்போகிறது. இடையில் அரை உப்பு நீரில் பழக்கிவிட்டால் பிழைத்துக்கொள்கிறது. உப்பின் அளவைப் போலவே மாற்றத்தின் வேகமும் மீனைக் கொல்லும். போதாக்குறைக்குச் செம்பு, வெள்ளி, காட்மியம் போன்ற உலோகங்கள் இந்த நொதியையே முடக்குகின்றன. பாசியைக் கொல்லக் குளத்தில் போடும் மயில்துத்தமும் செம்பு உப்புதான். உலோகம் கலந்த நீரும் உப்பு ஏற்ற இறக்கமும் ஒன்றாக வந்தால், தன்னைக் காத்துக்கொள்ளும் கருவி பழுதான நேரத்தில் மீன் மாட்டிக்கொள்கிறது.

மழை ஆண்டுதோறும் உப்பைக் குறைக்கிறதே, அப்போது மட்டும் மீன் பிழைக்கிறதே என்று கேட்கலாம். முகத்துவாரம் திறந்திருக்கும் வரை, பிடிக்காத தண்ணீரைவிட்டுக் கடலுக்கு விலகிப் போக மீனுக்கு வழி இருக்கிறது. வாய் அடைபட்டால் அதுவும் போகிறது. மணல் அடைப்பதற்கு யார் மேல் வழக்குப் போடுவது என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. தூர்வாருவதும் முகத்துவாரத்தை நிலைப்படுத்துவதும் அரசிடமும் மீன்வளத் துறையிடமும் வைக்க வேண்டிய கோரிக்கைகள். கழிவு விடுவது வேறு. அங்கே பொறுப்பாளி உண்டு.

இதற்கு முன்னுதாரணமும் உண்டு. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், சிலிகா ஏரியிலிருந்தும் பழவேற்காடு ஏரியிலிருந்தும் 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கக் கூடாது என்றது, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்றும் சொன்னது. பின்னர் வந்த 2005ஆம் ஆண்டுக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் இந்தத் துறைக்குத் தனி விதிகளை வகுத்தது. அதன்படி பண்ணைகள் பதிவு பெற்றிருக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பண்ணை பதிவு பெற்றதா, கழிவுநீர் எங்கே போகிறது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடைசியாக எப்போது நீரைச் சோதித்தது என்பவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இறால் வளர்ப்பவர்கள் உப்பு பார்க்க வைத்திருக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை மீனவர் சங்கமும் வாங்கிக்கொள்ளலாம். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எடுத்த அளவைத் தேதியோடும் அன்றைய மீன்பாட்டோடும் நோட்டில் குறித்து வந்தால், உப்பு எப்போது திடீரென்று ஏறியது அல்லது இறங்கியது என்பது பதிவாகிவிடும். உப்புமானி உலோகத்தைக் காட்டாது, அதற்கு ஆய்வகச் சோதனைதான் வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்தின் கறாரான விதிகளுக்குக் கட்டுப்பட்டதில்லை என்பதால், இத்தகைய குறிப்பேட்டையும் அதன்முன் வைக்கலாம். அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. சுற்றுச்சூழல் தகராறு மனுவுக்கு ஆறு மாதமும், இழப்பீட்டு மனுவுக்கு ஐந்து ஆண்டும் கெடு. மீன் செத்து மிதக்கும்வரை காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.