காங்ராப் பள்ளத்தாக்கும் உப்பும்

குன்னூர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய டாக்டர் வி. இராமலிங்கசுவாமி (1921–2001), பின்னர் இமயச் சாரலில் மலிந்திருந்த முன்கழுத்துக் கழலை நோயைத் தம் குழுவினருடன் ஆராய்ந்தார்.

தைராய்டுச் சுரப்பி தன் ஹார்மோனை உண்டாக்க அயோடின் இன்றியமையாதது. மலைமண்ணிலுள்ள அயோடினை மழைநீர் அரித்துச் செல்வதால், அங்கு விளையும் உணவில் அது குறைகிறது. குறையை ஈடுசெய்ய முயலும் சுரப்பி பருத்துவிடுகிறது.

1956-இல் காங்ராப் பள்ளத்தாக்கின் இரு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும், மூன்றாவதற்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில் முதலிரு பகுதிகளில் மட்டுமே கழலை வெகுவாகக் குறைந்தது. 1962 முதல் மூன்றாம் பகுதிக்கும் அயோடின் உப்பு அளிக்கப்பட, அங்கும் நோய் தணிந்தது.

கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் இந்த ஹார்மோன் வேண்டும். ஆதலின், கர்ப்பிணிகள் உள்ள இல்லங்களில் எவ்வுப்பு வழங்குகிறது என்பதைக் களப்பணியாளர் கேட்டறிதல் வேண்டும். அதனை ஈரம் படாது மூடிவைக்கும் முறையை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைப்பாராக.